அணுக்களை அடுக்கிக் காந்தத்தை அறிதல்

காந்தத்தை அறியாத மாணவர் இலர். ஆயினும், ஒரு பொருள் ஏன் காந்தமாகின்றது என்னும் வினாவுக்கு முழுமையான விடை காண்பது எளிதன்று. அவ்விடையைத் தேடப் பௌதிகவியலாளர் இன்று கையாளும் புதிய வழியொன்றை ஈண்டு நோக்குவோம்.

காந்தப் பொருள்களில் அணுக்கள் மிகச் சிறிய காந்த ஊசிகளைப் போன்று தொழிற்படுகின்றன. காந்தமாக்கிய இரும்பில் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே திசையை நோக்கும். வேறு சில பொருள்களில் அடுத்தடுத்த ஊசிகள் எதிரெதிர்த் திசைகளை நோக்கும். இவ்வொழுங்கை விளக்கிய பிரான்சு நாட்டு அறிஞர் லூயி நேல் 1970 இல் நோபல் பரிசு பெற்றார்.

முக்கோணத்தின் மூலைகளில் மூன்று ஊசிகள் இருப்பின் யாது நிகழும்? முதலாவது மேல் நோக்க, இரண்டாவது கீழ் நோக்கும். மூன்றாவது எங்ஙனம் நோக்கினும் ஒன்றுடன் முரண்படும். மேலும், குவாண்டம் எனப்படும் சத்திச்சொட்டுப் பொறிமுறையின்படி ஓர் ஊசி இரு நிலைகளும் கலந்த நிலையிலும் இருத்தல் கூடும். ஆதலின் 10 ஊசிகளுக்கு 1,024 எண்களையும், 20 ஊசிகளுக்கு 1,048,576 எண்களையும் கணக்கில் வைத்தல் வேண்டும். 256 ஊசிகளாயின் அத்தொகை 78 இலக்கங்கள் கொண்டதாகும். எந்தக் கணனியும் அத்தனை எண்களைத் தாங்காது.

இத்தகைய இயற்கையை அறிய, அதன் விதிகளாலேயே இயங்கும் கருவி வேண்டுமென அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் பெயின்மன் 1981 இல் எடுத்துரைத்தார். அக்கருத்து இன்று கைகூடியுள்ளது.

முதலில் ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியினால் மிகவும் குளிரச் செய்வர். பின்னர் நுண்ணிய லேசர்க் கதிர்களைச் சாவணம் போற் பயன்படுத்தி, ஒவ்வோர் அணுவாகப் பிடித்துச் சதுரமாகவோ முக்கோணமாகவோ அடுக்குவர். ஒளிச் சாவணத்தை ஆக்கிய ஆதர் ஆஷ்கின் 2018 இல் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்து, வேறொரு லேசர் ஒளி அணுவின் வெளி இலத்திரனை மிக உயர்ந்த சத்திப்படிக்கு ஏற்றும். 70 ஆம் படியில் அணுவின் ஆரை பன்மடங்காகப் பெருகும். சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரால் இது ரிட்பேர்க் அணு எனப்படும். ஓரணு இவ்வாறு பருத்ததும், மிக அருகிலுள்ள அணு பருக்க இயலாது தடைப்படும். பருத்த அணுவை மேல் நோக்கும் ஊசியாகவும், பருக்காததைக் கீழ் நோக்கும் ஊசியாகவும் கொண்டால், நேல் கூறிய ஒழுங்கு கண்முன்னே தோன்றும். இறுதியில் படம் எடுத்து, ஒவ்வோர் அணுவின் நிலையையும் தனித்தனியே அறிவர்.

2021 இல் பிரான்சின் பலெசோ நகர ஆய்வாளர் 196 அணுக்களைக் கொண்டும், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 256 அணுக்களைக் கொண்டும் சதுரங்கப் பலகை போன்ற இவ்வொழுங்கைக் கண்டனர். கணனியால் கணிக்கக்கூடிய அளவில் விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே, அதற்கு அப்பாலுள்ளவற்றை இவ்வழியில் நம்பித் தேடலாம்.

பெற்றோர்களே, எமது பிள்ளைகள் இத்தகைய அறிவை வாழும் நாட்டின் மொழியிலேயே பெறுகின்றனர். அதனை வீட்டில் தமிழிற் சொல்லும்படி கேளுங்கள். சொல் கிடைக்காதவிடத்து இருவரும் சேர்ந்து தேடுங்கள். கேட்பார் இன்றேல், பிள்ளையின் கல்வி ஒரு மொழியிலும் வீட்டுப் பேச்சு வேறொரு மொழியிலுமாகப் பிரிந்துவிடும். மாணவச் செல்வங்களே, முக்கோணத்தின் மூன்றாவது ஊசி எங்கே நோக்கும் என்பதை இன்றிரவே அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.