ஆர்.ஓ. வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

வாசலுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு தம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சற்று நேரத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே கசடு மிதக்கும். அவருடையது தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டால், அதன்பிறகு பேரம் பேச எந்தத் தாய்க்கும் மனம் வராது.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல. கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி கரைவதில்லை, அவ்வளவுதான். அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடி கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். பயத்தைக் காட்டிப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை விற்கும் இந்த வித்தை இன்றும் தெருத்தெருவாக நடக்கிறது.

ஆர்.ஓ. செய்யும் வேலை என்ன? தண்ணீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் ஒருபுறம் நல்ல தண்ணீரும் மறுபுறம் உப்புத் தண்ணீரும் இருந்தால், நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் போகும். இதுதான் சவ்வூடு பரவல். இந்த ஓட்டத்தின் அழுத்தத்தைக் கொண்டு மின்சாரமே எடுக்கலாம். ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025 ஆகஸ்டில் அப்படியொரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கழித்துவிடும் அடர்ந்த உப்புநீரையும், சுத்திகரித்த கழிவுநீரையும் வைத்தே அது ஓடுகிறது. இதற்கு மாறாக, உப்புப் பக்கம் பம்ப் வைத்து அழுத்தினால் ஓட்டம் திரும்பிவிடும். அதுவே எதிர்ச் சவ்வூடு பரவல், நாம் சொல்லும் ஆர்.ஓ. ஆக, கரைந்த உப்பைப் பிரிப்பதற்கென்றே வந்த முறை இது. கிருமிதான் கவலை என்றால் காய்ச்சினாலே போதும். புற ஊதா விளக்குக் கருவியும் போதும்.

தென்சென்னையில் நடப்பதைப் பாருங்கள். அப்பகுதிக்காக நெம்மேலியில் 2013 முதல் ஒரு ஆலையும், 2024 பிப்ரவரி முதல் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையும் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் குடிநீராக்குகின்றன. ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவிட்டு, மக்கள் பணத்தில் உப்பு நீக்கிய தண்ணீர் அது. அதை வீட்டில் மறுபடி ஆர்.ஓ.வில் விட்டு, பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் வீணடிப்பு. சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிக்கிறது. தினம் 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 60 லிட்டர் வரை வெளியே போகிறது.

அதற்காக ஆர்.ஓ.வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை படிவதில் தொடங்கி எலும்பை வளைப்பது வரை அதன் பாதிப்பு போகும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் போன்ற நல்ல தண்ணீர் எட்டாத இடத்தில் ஆர்.ஓ. உண்மையான காப்பு. ஆனால் அங்கும் ஒரு எச்சரிக்கை. சுவைக்காக டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கூட்டித்தரும் திருகைப் பொருத்துகிறார்கள். பல கருவிகளில் அது சவ்வைத் தாண்டாத பச்சைத் தண்ணீரைத்தான் திரும்பக் கலக்கிறது. சவ்வு பிரித்த ஃப்ளோரைடில் ஒரு பங்கு தம்ளருக்கே வந்துவிடும். கருவி கழிக்கும் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். சமைக்கவோ மாட்டுக்கு வைக்கவோ கூடாது.

இன்னொன்று: சவ்வு கெடாமலிருக்க, தண்ணீரிலுள்ள குளோரினை முன்னாலேயே கரி வடிகட்டி எடுத்துவிடும். அதனால் கருவியின் தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குக் கிருமிக் காப்பு இல்லை. தொட்டியைக் கழுவாமலும் வடிகட்டியை மாற்றாமலும் விட்டால், சுத்தம் என்று நம்பிக் குடிப்பதே நோயைத் தரும்.

முதல் வேலை பரிசோதனை. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவை மட்டும் உத்தேசமாகச் சொல்லும். கிருமியையோ ஃப்ளோரைடையோ தனியே காட்டாது. மாவட்டந்தோறும் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரப்படுகிறது, ஊராட்சியில் கேளுங்கள். அறிக்கை வந்ததும் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள்: டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 2000 வரை. ஃப்ளோரைடு 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5. டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடுக்க வேண்டும், மற்ற இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் நீரை மீட்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சொன்னது. கருவி வாங்கத்தான் வேண்டும் என்றால், ஐ.எஸ். 16240 முத்திரை உண்டா என்று பாருங்கள்.

ஏமாற்றப்பட்டால் வழி உண்டு. பொய்யான செயல்விளக்கம் காட்டி விற்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ரசீது, உத்தரவாத அட்டை, சர்வீஸ் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். செயல்விளக்கத்தை செல்பேசியில் படம் பிடித்திருந்தால் அது வலுவான சான்று.

குழாயில் வருவதே மோசமாக இருந்தால், உங்கள் காசில் கருவி வாங்கி அதை மூடிமறைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மாசற்ற நீர் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. சென்னையில் 1916க்குப் பேசுங்கள். மற்ற ஊர்களில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஆய்வக அறிக்கையோடு மனு கொடுங்கள். உங்கள் தெருத் தண்ணீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.