பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்

எங்கள் குழுவின் இரண்டு வருடப் பண்ணைக் குறிப்பு ஒரே ராத்திரியில் போச்சு. குதிரைவாலி விதைத்த தேதி, அமுதக்கரைசல் தெளித்த தேதி, யார் நிலத்தை யார் பார்வையிட்டார்கள், எத்தனை மூட்டை கண்டது, எல்லாம் ஒரு லேப்டாப்புக்குள் இருந்தது. காலையில் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ வால் முளைத்திருக்கிறது. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்.

பிஜிஎஸ் முறையில் இருப்பவர்களுக்கு இதன் வலி தெரியும். குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து, ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துச் சான்று சொல்கிற முறை அது. அதிகாரி யாரும் வந்து முத்திரை குத்துவதில்லை. நம்முடைய குறிப்புதான் நம்முடைய நாணயம். குறிப்பு இல்லையென்றால் வாய்ச்சொல்தான் மிஞ்சும். நல்ல வேளை, பாதிப் பேர் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார்கள். மீதியைக் கேட்டுக் கேட்டு எழுதி முடிக்க ஒரு மாதம் ஆனது.

குழுக் கணக்கை எழுதுவது பக்கத்து வீட்டு அண்ணனின் மருமகள். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்தான் அது. குழுவில் இருந்து மாதம் அவளுக்குக் கொடுக்கும் தொகை சின்னதுதான். ஆனால் அது வருவதால்தான் அவள் பயராபீசுக்குச் சரம் பின்னப் போகாமல் இருக்கிறாள். ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. "இனிமே நோட்டுலயே எழுதிருவோமா மாமா?" என்று அவள் கேட்டபோது, லேப்டாப் வேண்டாம் என்கிறாளா, வேலையே வேண்டாம் என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் இதைச் சரிசெய்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

தப்பு எங்கே நடந்தது? லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கிராக் பதிப்பு ஏறுவதற்கு முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். வேலியைப் பிரித்துவிட்டு மாட்டைக் காவலுக்கு வைத்த கதை. முறையாகக் காசு கொடுத்து வாங்கினாலும் வழி இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி நினைவகம், குறிப்பிட்ட தலைமுறை பிராசசர் எல்லாம் கேட்கிறது. நல்லா உழைக்கிற மாட்டை வயசாச்சு என்று அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்கிற மாதிரிதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்காரர் அழித்தவற்றில் ஒன்று கட்டற்ற மென்பொருள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கணினிகளில் இரண்டு கதவு இருந்தது. ஆன் செய்ததும் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது நம்முடைய மத்திய அரசு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. அதற்கு முன்பே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸுக்கு மாறுங்கள் என்று அரசுத் துறைகளுக்கே சொன்னார்கள். ஆக, இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற காரியம் இல்லை. நம்ம வீட்டுப் பரணில் கிடந்தது. ஆனால் அந்த இரண்டாவது கதவைத் திறந்து காட்ட ஆள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தையும் அதிலேயே வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே அரசுப் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. நாம் பொருளைக் கொடுத்தோம், பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

'கட்டற்ற' என்பதை நம் வாசகர்களுக்கு விளக்குவது சுலபம். 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விளைந்ததில் இருந்து விதையை எடுத்து வைக்கவும், திரும்ப விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டு என்கிறது. கம்பெனிப் பெயர் ஒட்டி முத்திரை விதையாக விற்பது மட்டும் கூடாது. லினக்ஸ் வகை மென்பொருளின் உரிமமும் ஏறத்தாழ இப்படித்தான் பேசுகிறது: எதற்கும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் இந்த வேலையைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவையான கருவை எழுதினார். அந்த ஒரே விதையில் இருந்து வட்டாரத்துக்கு ஒன்றாக நாட்டு ரகங்கள் கிளைத்த மாதிரி, இன்றைக்கு நூற்றுக்கணக்கான லினக்ஸ் ரகங்கள் இருக்கின்றன. புதுசாக வருகிறவர் திணறுவதும் இங்கேதான். எதை எடுப்பது?

நானும் திணறினேன். வங்கியில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த காலத்தில் இருந்து கணினியோடு மல்லுக்கட்டியவன் என்ற மிதப்பு வேறு. அவள் லேப்டாப்பில் 2 ஜிபி நினைவகம்தான். அதனால் இருப்பதிலேயே லேசானதைத் தேடி 'ஆன்டிஎக்ஸ்' என்பதைப் பிடித்தேன். 512 எம்பி நினைவகத்திலேயே ஓடும், 32 பிட் பழைய கணினியிலும் ஏறும். ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டு, காலையில் பெருமையாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். பறந்தது. ஆனால் அவள் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கேட்டால், "வேகமாத்தான் இருக்கு மாமா. எது எங்க இருக்குன்னுதான் தெரியல. தப்பா எதையாவது அமுக்கி மறுபடி எல்லாம் போயிருச்சுன்னா?" என்றாள். எனக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டியிருக்கிறேன். கரிசல் மானாவாரிக் காட்டுக்காரருக்கு ஆத்துப்பாசன நெல் ரகத்தைச் சிபாரிசு செய்த அதிகாரிகளை நாம் எத்தனை தடவை திட்டியிருக்கிறோம்!

அப்புறம் வேறு மாதிரி செய்தோம். லினக்ஸில் பெரிய வசதி, கணினியில் ஏற்றாமலே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். அரை சென்டில் சோதனை விதைப்பு மாதிரி. உள்ளே இருக்கிற எதையும் அது தொடாது. நாமாக 'இன்ஸ்டால்' கொடுத்தால்தான் உண்டு. வென்டாய் என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. அதை ஒரு 16 ஜிபி பென்டிரைவில் போட்டுவிட்டால், நாலைந்து ரகங்களின் கோப்புகளை அப்படியே அதில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பை ஆன் செய்யும்போது லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதில் இருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைக் காட்ட வேண்டியதுதான்.

அவளிடம் நாலு வேலை கொடுத்தேன். குழுவின் விளைச்சல் அட்டவணையைத் திற. தமிழில் ஒரு பக்கம் அடி. போனில் எடுத்த காட்டுப் படங்களை உள்ளே ஏற்று. பிஜிஎஸ் இணையதளத்துக்குப் போய் வா. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன், மவுஸைத் தொட மாட்டேன் என்று ஒப்பந்தம். இந்தக் கையைக் கட்டுவதுதான் ரொம்பக் கஷ்டம். மூன்று தடவை ஒப்பந்தத்தை மீறி அவளிடம் திட்டு வாங்கினேன்.

பாஸின் புதுப் பதிப்பில் எல்லாம் நடந்தது. ஆனால் ஒரு இடத்தில் சிக்கினால் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் ஆள் அகப்படவில்லை. லுபுண்டு நன்றாகவே இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு வந்ததும் அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், கோப்புறைகள் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. நாலு வேலையையும் முடித்துவிட்டு, "இதையே போடுங்க" என்றாள். நான் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். எனக்கு அது கொஞ்சம் கனம் என்ற எண்ணம். ஆனால் தினமும் ஓட்டப் போகிறவள் அவள்.

கனத்துக்கு வழி இருந்தது. மின்ட் குறைந்தது 2 ஜிபி கேட்கும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். 2 ஜிபியில் அது ஓடினாலும், இணையத்தில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். எந்த லினக்ஸைப் போட்டாலும் பிரவுசர் தின்கிறதைத் தின்றுதான் தீரும். லேசான ரகம் போட்டால் பழைய லேப்டாப் புதுசாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சிவகாசியில் பழைய நினைவகத் துண்டு ஒன்று வாங்கி 4 ஜிபி ஆக்கினோம். சுற்றும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டினோம். இரண்டும் சேர்த்துப் புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. உண்மையைச் சொன்னால், வேகத்துக்குப் பாதிக் காரணம் லினக்ஸ் இல்லை, இந்த எஸ்எஸ்டிதான். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் முதல் செலவு இதற்குச் செய்யுங்கள்.

உங்கள் கணினி 64 பிட்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2011-க்குப் பிறகு வந்த அரசு லேப்டாப்பென்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கும் பழையதென்றால் மின்ட் ஏறாது. டெபியன்கூட 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டது. அங்கே ஆன்டிஎக்ஸ்தான் கைகொடுக்கும்.

தமிழ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐபஸ் என்பதையும் அதோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வருகிற முறையும் கிடைக்கும். எக்செல், வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கிறது. சிக்கலான கட்டங்கள் மட்டும் சில நேரம் இடம் மாறும். ஊரில் வைஃபை இல்லையென்றால் போனைச் சார்ஜர் ஒயரில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் போதும், இணையம் வந்துவிடும்.

முடியாததையும் சொல்ல வேண்டும். டேலி நேரடியாக ஓடாது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துபவர்கள் கணக்குக்கு டேலியையே நம்பியிருந்தால், அந்த ஒரு கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக் குச்சிகள் சில சண்டை போடும். பிரிண்டர் வாங்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். எங்களிடம் இருந்த சின்ன லேசர் பிரிண்டரை ஓட வைக்க முடியாமல் கடைசியில் ஜெராக்ஸ் கடைக்கே போகிறோம். லினக்ஸில் வைரஸே வராது என்று யாராவது சொன்னால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். ஆபத்து ரொம்பக் குறைவு, அவ்வளவுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கேட்கும்போதெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுவுகிற அன்றைக்கு ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். 'டிஸ்கை அழித்து நிறுவு' என்று ஒரு கேள்வி வரும். அமுக்கினால் கல்யாணப் படம் முதல் பட்டா நகல் வரை எல்லாம் போய்விடும். முந்தின நாளே வேண்டியதை எல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எடுத்தது திறக்கிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள். இப்போது எங்கள் குழுக் குறிப்பு லேப்டாப்பில் ஒன்று, ஒரு பென்டிரைவில் ஒன்று, என் வீட்டு அலமாரியில் ஒன்று என மூன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அவளே நகல் எடுக்கிறாள். நோட்டையும் விடவில்லை.

சிக்கினால் தமிழில் படிக்க வழி இருக்கிறது. 2012-ல் இருந்து கணியம் என்ற இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது, அதன் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கும் பயனர் குழு ஒன்று நன்றாகச் செயல்படுகிறது. எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

போன மாதக் கூட்டத்தில் பக்கத்து ஊர்க் குழுக்காரர் ஒருவர் தன் மகளுடைய லேப்டாப்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். எலி ஒயரைக் கடித்திருந்தது. மற்றபடி நன்றாக இருந்தது. மருமகள்தான் உட்கார்ந்து பென்டிரைவைச் சொருகி, அந்தப் பிள்ளையிடம் நாலு வேலையைக் கொடுத்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "மாமா, கை" என்றாள். பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் கிடப்பதை எடுத்து வாருங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள்.