ஒரு திறப்பு உள்ளே இருக்கட்டும்

2023 ஒக்டோபரில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடையொன்று தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதன் பின்னரும் நம்மவர் கடைகளில் மாடிப்படியெங்கும் சாமான் பெட்டிகளையே காண்கிறேன். கேட்டால் கட்டடக்காரர் வாடகைக்காரரைக் காட்டுவார். வாடகைக்காரர் கட்டடக்காரரைக் காட்டுவார்.

என் கருத்தில் பொறுப்பு இருவருக்கும் உண்டு. வயரிங்கும் வெளியேறும் வழியும் கட்டடக்காரரின் பொறுப்பு. அந்த வழியை அடைக்காதிருப்பதும் தீயணைப்புக் கருவியைப் பராமரிப்பதும் கடைக்காரரின் பொறுப்பு.

இவற்றைவிடப் பாரதூரமான ஒன்றுண்டு. மாடியில் பையன்கள் உறங்க, முதலாளி ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுப் போவது! தொழிற்சாலையில் ஆட்கள் இருக்கும்போது கதவு உள்ளிருந்து இலகுவாகத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே கூறுகிறது. நம் கடையில் உறங்குபவனின் உயிர் மட்டும் மலிவானதா?

களவுக்குப் பயம் என்பீர்கள். களவு போன சாமானைக் காப்புறுதி ஈடுசெய்யும். ஒரு தாயின் பிள்ளையை எது ஈடுசெய்யும்?

இன்றிரவே ஒரு திறப்பைப் பையன்களிடம் கொடுங்கள். மெயின் சுவிட்ச் இருக்குமிடத்தைக் காட்டுங்கள். மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாதெனச் சொல்லுங்கள். தீயணைப்புச் சேவையின் 110ஐச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்!