பாஸ்போட் யார் கையில் இருக்கிறது?

வெளிநாட்டு வேலைக்குப் போகிற எத்தனையோ பெண்களுக்கு பாஸ்போட், டிக்கட், விசா, வேலை ஒப்பந்தம் நான்கும் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில்தான் கைக்கு வருகின்றன. அதுவரைக்கும் அவை ஏஜென்சியிடமோ, தோட்டத்துக்கு வந்து ஆள் சேர்த்த சப் ஏஜென்டிடமோ இருக்கும். "லயத்துல வெச்சா தொலைஞ்சிடும் புள்ள, நானே பத்திரமா வெச்சிருக்கேன்" என்பார்கள். கேட்க அக்கறையாகத்தான் இருக்கும். ஆனால் வாசலில் வைத்துக் கொடுத்தால் வாசிக்க நேரம் கிடைக்காது. விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கவும் முடியாது. மனம் மாறினாலும் திரும்பிவரத் துணிச்சல் வராது. அதற்காகவேதான் வாசல்வரை கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மலையகத்து ராகலையிலிருந்து புறப்படுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: காகிதங்கள் உங்கள் கைக்கு வராமல் வேனில் ஏறாதீர்கள்.

கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? பாஸ்போட்டின் படம் உள்ள பக்கத்தில் உங்கள் பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வேலை கிடைக்கணும்னுதான்" என்று சமாதானம் சொல்வார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவருக்கு வயது 17. பாஸ்போட்டில் அதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்துபோன வழக்கில், சம்பவம் நடந்தபோது அவர் சிறுமி என்ற வாதம் அந்தக் காகிதத்தைத் தாண்டி எடுபடவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய்யான திகதியைப் போட்டவன் ஊரிலேயே இருப்பான். அதற்கான விலையை அந்நிய நாட்டில் நீங்கள் கொடுக்க நேரும்.

அடுத்து விசா. அதில் 'விசிட்' என்றோ 'டூரிஸ்ட்' என்றோ இருந்தால் அது வேலை செய்வதற்கான விசா அல்ல. "அங்க போனதும் மாத்திக்கலாம்" என்ற பேச்சை நம்பிப் போனவர்களின் கதை 2022 நவம்பரில் நாடு முழுவதும் தெரியவந்தது. சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே வீடு வீடாகக் கைமாற்றப்பட்டிருந்தார்கள். அது தொடர்பாகத் தூதரக உத்தியோகத்தர் ஒருவரே கைதுசெய்யப்பட்டார். இப்படிப் பொய் சொல்லி ஆளை அனுப்பிச் சுரண்டுவது நம் நாட்டுச் சட்டப்படி மனித வியாபாரம். தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி இதற்கு 2 முதல் 20 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஏமாந்து போனவர் பாதிக்கப்பட்டவர். "நானும் தெரிஞ்சுதானே போனேன், என்னையும் புடிச்சி உள்ள போடுவாங்க" என்று பயந்து முறைப்பாடு செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

சரியான வழி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வதுதான். நம் ஆட்கள் பியூரோ என்று சொல்கிற அதே இடம்தான். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் இங்கே பதிந்திருக்க வேண்டும். பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. சம்பளம் கொடுக்கவில்லை, அடித்தார்கள் என்று பின்னால் முறையிட்டால் கோப்பைத் திறக்க ஒரு பதிவிலக்கம் இருக்கும். ஏஜென்சிக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பணியகத்தின் தலைமையகம் உள்ள பத்தரமுல்லைவரை அலைய வேண்டியதில்லை. உங்கள் பிரதேச செயலகத்திலேயே வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ அரபியிலோ இருந்தால் அவரிடம் கொண்டுபோய், சம்பளம் எவ்வளவு, எத்தனை வருடம், எந்த வீடு என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சப் ஏஜென்டுக்கு இது பிடிக்காது. அவருக்குப் பிடிக்காததே நீங்கள் போய்க் கேட்பதற்குப் போதுமான காரணம்.

இனி பாதை. ஒரு காலத்தில் ராகலைக்கு ரயிலே வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒடுக்கமான தண்டவாளத்தில் ஓடிய அந்தச் சிறு ரயிலை வெள்ளைக்காரர்கள் தேயிலைப் பெட்டிக்காகப் போட்டார்கள். 1940களுக்குள் அது கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு நமக்கு வீதி மட்டும்தான். கந்தப்பளை, நுவரெலியா, றம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை என்று இறங்கி, கேகாலை தாண்டி, நிட்டம்புவையில் திரும்பி மினுவாங்கொடை வழியாகப் போனால் கொழும்பு நெரிசலுக்குள் அகப்படாமல் கட்டுநாயக்கவை அடையலாம். வலப்பனை, ரிக்கில்லகஸ்கட பக்கமாகக் கண்டிக்கு இறங்கும் வீதியும் உண்டு. எப்படிப் போனாலும் ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். மழைக்காலத்தில் கணக்கே வேறு. மண்சரிந்து வீதி மூடியிருக்கிறதா என்று புறப்படும் முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள்.

வேன் பேசும்போது வாடகையை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். டிரைவர் பகலெல்லாம் ஓடிவிட்டு இரவில் நம்மை ஏற்றுகிறாரா என்று கேட்பதில்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் றம்பொடை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தது இதே பாதையில்தான். வழியனுப்பக் குடும்பமே வேனில் நெருக்கி ஏறிக்கொண்டு, பனிமூட்டத்தில் "சீக்கிரம் போங்கண்ணே" என்று அவசரப்படுத்துவதைவிட இரண்டு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். வேனின் இலக்கத்தையும் டிரைவரின் பெயரையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் நுவரெலியாவிலிருந்து 79ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு புறக்கோட்டையில் இறங்கி, அங்கே 187ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்கலாம். 2013 ஒக்டோபரில் திறந்த அதிவேக வீதியால் போகிற பஸ்ஸில் ஏறினால் நெரிசலில் சிக்காமல் விரைவாகப் போய்ச் சேரலாம். பழைய நீர்கொழும்பு வீதியால் போகிற பஸ்ஸில் ஏறினால் நேரம் போதாமல் போகலாம். சில பஸ்கள் டெர்மினல்வரை வராமல் அவேரிவத்த பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். ஏறும்போதே கொண்டக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். டிக்கட்டை எறிந்துவிட வேண்டாம். கூடுதலாகக் காசு வாங்கினால், நடுவழியில் இறக்கிவிட்டால், தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955இல் முறையிட அந்தத் துண்டுதான் அத்தாட்சி.

விமானம் கிளம்ப மூன்று மணித்தியாலம் இருக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். செக்கின் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடிவிடுவார்கள். அதன்பின் கெஞ்சிப் பயனில்லை. பயணிகள் உள்ளே போகும் வாசலில் பாஸ்போட்டும் டிக்கட்டும் பார்ப்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டியிருக்கலாம். உள்ளே பணியகத்துக்கென்று ஒரு கருமபீடம் உண்டு. உங்கள் பதிவைச் சரிபார்ப்பதற்காக அமைத்தது அது. பலரும் அதைக் கண்டாலே பயந்து, சப் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிறார்கள். "டூர் போறேன் சேர், தங்கச்சி வீட்டுக்குப் போறேன்." அந்த இடத்தில் உண்மையைச் சொல்வது உங்கள் உரிமை. "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்வதும் உரிமைதான். விமானத்தில் ஏறு என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போகுமுன் கையில் திணித்த முற்பணத்தைக் காட்டி "காசத் திருப்பிக் குடு, இல்லாட்டி பொலிஸ்ல சொல்லுவேன்" என்று மிரட்டுவார்கள். கொடுக்கல் வாங்கலை வழக்குப் போட்டுத் தீர்க்கலாம். அதற்காக ஓர் ஆளைப் பணயமாக அனுப்பிவைக்கச் சட்டத்தில் இடமில்லை. மிரட்டியவரின் தொலைபேசி இலக்கத்தையும் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அவசரமென்றால் 119, பெண்களுக்கான உதவிக்கு 1938.

பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று உங்கள் பை. வரிசையில் நிற்கும்போது, "அக்கா, எங்க வீட்டு ஆள் அங்க இருக்காரு, இந்த மருந்துப் பொட்டலத்த மட்டும் குடுத்துடுங்க" என்று தமிழில் ஒருவர் பேசினால் நமக்கு மனம் இளகிவிடும். வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் பை யாருடையதோ அவர்தான் பிடிபடுவார். போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை இங்கேயும் வளைகுடாவிலும் மிகக் கடுமையானது. இங்கே சாதாரணமாக எழுதித்தருகிற சில வலிமாத்திரைகள்கூட அந்த நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. சொந்த மருந்தென்றால் வைத்தியரின் துண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், நமக்கு எதற்கு வம்பு என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. 1987இலும் 1988இலும் செய்த அரசியலமைப்புத் திருத்தங்கள் அதை உறுதிசெய்தன. குடிவரவு, சுங்கம், பொலிஸ் எதுவானாலும் "தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதுங்கள்" என்று கேட்கலாம். புரியாத பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். தமிழில் தர அவர்கள் மறுத்தால் இடம், திகதி, நேரம் குறித்துக்கொண்டு அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரிப்பது அதன் கடமை.

திரும்பி வருகிற நாளிலும் கவனம் தேவை. விமானங்கள் பல நேரம் நள்ளிரவில், விடியற்காலையில் இறங்குகின்றன. இரண்டு வருட உழைப்பு உடம்போடும் பையோடும் இருக்கிறது. காசு மாற்றுவதென்றால் உள்ளே உள்ள வங்கிக் கருமபீடத்தில் மாற்றிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாகனத்தை உள்ளே இருக்கிற டெக்சி கவுண்டரில் பேசி, வாடகை எழுதிய துண்டோடு ஏறுங்கள். வெளியில் "ராகலையா? நம்ம ஊரு வேன் இருக்கு" என்று பையை இழுப்பவரை நம்பிப் போக வேண்டாம். வீட்டிலிருந்து வேன் வருவதாக இருந்தால் அது வரும்வரை கட்டடத்துக்குள்ளேயே இருங்கள். நோயோடு, காயத்தோடு, கையில் ஒன்றுமில்லாமல் இறங்கியவர்கள் வெட்கப்பட்டு ஓரமாக நழுவிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். வருகைப் பகுதியில் பணியகத்தின் ஆட்களைத் தேடுங்கள். இப்படி வருகிறவர்கள் தங்குவதற்கென்றே பணியகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 'சஹன பியச' என்ற நிலையத்தை வைத்திருக்கிறது.

பெட்டி வரவில்லை, உடைந்து வந்தது என்றால் பெட்டிகள் வரும் பெல்ட் உள்ள மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்பே விமானக் கம்பனியின் கருமபீடத்தில் எழுத்தில் முறையிட்டு, இலக்கத்தோடு பிரதி வாங்குங்கள். மொன்றியல் உடன்படிக்கை 2019 முதல் இலங்கைக்கும் பொருந்துகிறது. வளைகுடா நாடுகளும் அதில் சேர்ந்தவை. அதன்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கு 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. ஒரு பயணிக்கு நட்டஈட்டின் உச்ச வரம்பு 2,000 அமெரிக்க டொலரளவில் வரும். பெட்டியில் என்ன இருந்தது என்பதற்குப் படமும் பில்லும் இருந்தால் பேசுவது சுலபம். நகையையும் காசையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பாக்கி, ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, அடி உதை எதுவானாலும் ஊருக்கு வந்துவிட்டோம், விட்டது சனியன் என்று இருந்துவிட வேண்டாம். திரும்பி வந்த பிறகும் பணியகத்தில் முறையிடலாம். பாஸ்போட்டின் எல்லாப் பக்கங்களுக்கும், ஒப்பந்தத்துக்கும், சம்பளம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளுக்கும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, 1989இல் கேட்டுவிட்டு பிரதேச செயலக உத்தியோகத்தரிடம் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் போட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.