எலுமிச்சை இலையின் வயதும் சிலந்திப் பேனும்

எலுமிச்சை மரத்தில் இலை சுருண்டிருப்பதைக் கண்டவுடன் மருந்து வாங்கப் புறப்படுவது நம் குடியானவர்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சுருண்டது இளந்தளிரா, முற்றிய இலையா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். வண்ணார்பேட்டையில் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை மரத்திற்கும், தென்காசி மாவட்டத்துப் புளியங்குடித் தோப்புகளுக்கும் இது பொருந்தும்.

எலுமிச்சையைத் தாக்கும் பேன்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று மஞ்சள் சிலந்தி. மிளகாய்ச் செடியில் முரணையை உண்டாக்குவதும் இதுவே. இதன் வாயுறுப்பு மிக மென்மையானது. ஆகையால் விரிந்துவரும் தளிரின் அடிப்புறத்திலும் பிஞ்சிலுமே இது சாற்றை உறிஞ்சும். இலை தடித்துவிட்டால் அங்கே அதற்குப் பிழைப்பில்லை. அப்போது ஆண் பேன், முதிர்ச்சியடையும் தறுவாயிலுள்ள பெண்ணைச் சுமந்துகொண்டு புதுத் தளிருக்குக் குடிபெயரும்! ஆனால் அது விட்டுச்சென்ற இலை மீண்டும் நிமிர்வதில்லை. அந்தப் பழைய சுருக்கத்தைக் கண்டு மருந்து தெளித்தால் கூலியும் மருந்தும் வீணே. (இலையில் வெள்ளிக் கோடுகள் நெளிந்து ஓடினால் அது இலைத்துளைப்பானின் வேலை, பேனன்று.)

செஞ்சிலந்தி இனத்தைச் சேர்ந்த மற்றொன்றின் போக்கு வேறு. அது நன்கு விரிந்த இலையின் மேற்புறத்தில் நடுநரம்பையொட்டித் தொடங்கிக் கிளை நரம்புகளுக்குப் பரவும். இலை வெளிறிப் புள்ளி விழுந்து, தாக்குதல் மிகுந்தால் உதிர்ந்தும் போகும். மஞ்சள் சிலந்திக்கு ஈரக்காற்று உகந்தது. இதற்கோ வறட்சியும் புழுதியும் உகந்தவை. பங்குனி, சித்திரையில் சாலையோர மரங்களைக் கவனிப்பது நலம்.

1998ஆம் ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் தோன்றித் தமிழ்நாட்டிலும் பரவிய தென்னை ஈரியோபைட் சிலந்தியும் இத்தகையதே. அது இளங்காயின் தொப்பிக்கடியில் பெருகும். முற்றிய காயில் நாம் காணும் பழுப்புத் தழும்பு முன்பே நேர்ந்த சேதத்தின் அடையாளம்.

தழைச்சத்து உரத்தை மிதமிஞ்சி இட்டால் தளிர்மேல் தளிர் வந்து மஞ்சள் சிலந்திக்கு விருந்தாகும். பேன் இருப்பது உறுதியானால் நனையும் கந்தகத்தை லிட்டர் நீருக்கு 2 கிராம் கலந்து, முன்னதற்குத் தளிரின் அடியிலும் பின்னதற்கு விரிந்த இலையின் மேலும் படும்படி, கடும் வெயில் இல்லாத வேளையில் தெளிக்கலாம். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளோ, பேனைத் தின்னும் சிறு கரு வண்டுகளையும் அழித்துப் பேனைப் பெருகச் செய்கின்றன.

இப்பேன்கள் வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படா. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாங்கி வைத்தால், மருந்து வாங்குமுன் குடியானவர் தம் மரத்துத் தளிர் ஒன்றையும் விரிந்த இலை ஒன்றையும் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம்.