பாத்திரமும் பற்றாசும்

குடத்தின் அடியில் ஓட்டை விழுந்தால் நாம் அதனை எறிந்துவிடுவதில்லை, பற்றவைத்துக் கொள்கிறோம். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் பட்டுக்குச் சாயம் காய்ச்சும் பாத்திரத்திற்கும் குடிநீர்க் குடத்திற்கும் இவ்வேலை வேண்டியிருக்கிறது. ஆனால், இரண்டிற்கும் ஒரே பற்றாசு ஏற்றதன்று.

பற்றாசு என்பது, பற்றவைக்கும் பாத்திரத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலப்பு உலோகமாகும். அது உருகி இடுக்கில் பாய்ந்து இறுகிக்கொள்ளும். களிம்பு நீங்கினால்தான் பற்றும். அதற்காகவே நவச்சாரம் இடுகின்றனர்.

'ஈயம்' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். வேலை எளிது, காரீயம் மலிவு. ஆதலின் இக்கலவை எங்கும் பரவிற்று. டிராக்டர் ரேடியேட்டர், மருந்து தெளிப்பான் போன்றவற்றிற்கு இது பயன்படும்.

உண்ணும், பருகும் பாத்திரங்களுக்கு இது ஆகாது. காரீயம் நஞ்சு. புளி, மோர் முதலிய புளிப்புப் பொருள்களில் அது சிறிது சிறிதாகக் கரைந்து உடலில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்றது எனத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டின் தர நிர்ணயப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டிலேயே குடிநீர்க் குழாய்களில் காரீயப் பற்றாசு தடை செய்யப்பட்டது.

இதற்கு மாற்று உண்டு. 99.3 பங்கு வெள்ளீயமும் 0.7 பங்கு செம்பும் கலந்த பற்றாசு 227 டிகிரியில் உருகும். சூடு சற்றுக் கூடுதலாக வேண்டும், விலையும் அதிகம். நீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆதலின் நீருள்ள பாத்திரத்தில் ஒட்டு நிலைத்திருக்கும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் ஒட்டு விட்டுப்போம். நேரே தீப்படும் இடங்களுக்கு, செம்பும் துத்தநாகமும் கலந்த பற்றாசை வெண்காரம் இட்டு, மிகுந்த வெப்பத்தில் பற்றவைத்தலே தக்கது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அங்கன்வாடி, சத்துணவுக் கூடப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, "காரீயம் கலவாத பற்றாசா?" என்று கேட்டறிதல் வேண்டும். கலாய் பூசுவதற்கும் தூய வெள்ளீயமே வேண்டும். சில ரூபாய் கூடுதலாகலாம்; நம் குழந்தைகளின் நலத்தை நோக்க அது பெரிதன்று.