மரத்துக்குப் பெயருண்டு, நட்டவனுக்கு?

உதகைத் தாவரவியல் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். இது இன்ன மரம் என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். குரங்கும் ஏறத் தயங்கும் முள்ளிலை மரத்துக்குப் பெயருண்டு. காகிதம்போல் பட்டை உரியும் மரத்துக்குப் பெயருண்டு. 2 கோடி ஆண்டுக்கு முந்தியது என்று சொல்லப்படும் கல்மரத்துக்கும் பெயருண்டு. குழி வெட்டியவன் பெயர் எங்கே என்று கேட்கிறோம்.

வரலாறு சொல்லும் பெயர் மக்ஐவர். 1848-ல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்தவர். வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டிக் காய்கறிக்காகத் தொடங்கிய தோட்டம் நொடித்துப்போன பின், பூங்காவைத் திட்டமிட்டு அமைத்தவர். அவர் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தொட்டபெட்டாச் சரிவில் சுமார் 22 எக்டேர் நிலத்தைப் படிப்படியாக வெட்டித் திருத்த ஒருவர் கை போதுமா? மண் சுமந்த தலைகள் எத்தனை? ஏட்டிலே திட்டம் போட்டவருக்கு இடமுண்டு. மேட்டிலே மண்வெட்டி போட்டவனுக்கு இடமில்லை!

சீமான் வீட்டுப் பரம்பரை என்றால் படம் மாட்டுகிறார்கள். பாட்டாளிக்கும் பரம்பரை உண்டு. உழைத்துப் பிழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் காந்தலுக்கு வந்து பாருங்கள். தோட்ட வேலை தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்த குடும்பங்கள் இந்த மலையிலே உண்டு. மார்கழி, தை உறைபனியில் நாற்று கருகாமலிருக்கக் கோத்தகிரி மிலாரை வெட்டிவந்து மூடுவது எப்படி, ரோஜாவை எந்தக் கணுவுக்குமேல் கவாத்துச் செய்வது, மே மாதக் காட்சிக்குப் பூக்க எந்த விதையை எப்போது ஊன்றுவது என்பதெல்லாம் பார்த்துப் பழகிய கைகளுக்குத் தெரியும். இது கூலி வேலையா? கலையல்லவா?

“அப்படியானால் தோட்டக்காரன் மகன் தோட்டக்காரனாகவே இருக்கட்டுமே” என்பார் சிலர். இந்தக் குரலைத் தமிழகம் 1953-லேயே கேட்டது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் அது ஒழிந்தது. தொழிலறிவு குடும்பத்தின் பெருமை. தொழில் பிள்ளையின் தலையெழுத்தல்ல! மகன் விரும்பினால் மண்வெட்டி எடுக்கட்டும். மகள் விரும்பினால் தோட்டக்கலை படித்து, அதே பூங்காவுக்கு அதிகாரியாக வரட்டும்.

1896-ல் தொடங்கிய மலர்க்காட்சி 2023-ல் 125-வது முறையாக நடந்தது. அதே ஆண்டில்தான் தோட்டக்கலைத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராட நேர்ந்தது. தலைமுறையாய்த் தழைத்த மரத்துக்கு நிலையான இடம். அதை வளர்ப்பவனுக்கு நிலையில்லாத வேலை! இது என்ன நீதி?

நாம் கேட்பது பெரிதல்ல. நிரந்தர வேலை, நியாயமான ஊதியம், பிள்ளைகளுக்குத் தடையில்லாத படிப்பு. அத்தோடு, பணி முடித்து வெளியேறும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் ஏறும் பலகை ஒன்று, பூங்காவின் வாயிலிலே. மரத்தின் பெயரைப் படிக்கும் நாடு, மனிதன் பெயரையும் படிக்கட்டும்!